எட்டாம் நாட்டு வாத்து

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அந்த மாடிக் கட்டடத்தில் குணவதியின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எலிவேற்றர் நின்றுபோனால் கட்டடக் காவல்காரனிடம் போய்ச் சண்டை பிடிக்கிறவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம், ஆனால் சண்டைக்கு அது தாராளம். விடிய எழும்பி மாக் குழைத்து, இடியப்ப உரலில் பிழிந்து, அவித்து, ஆறவைத்து, பெட்டியில் அடுக்கிப் பஸ்ரியன் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள். பஸ்ரியன் கடை இடியப்பம் என்று ஸ்காபரோ முழுக்கப் பேர். பேர் பஸ்ரியனுக்கு, கை உளைவு குணவதிக்கு.

அவளுடைய சபை ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்த்தட்டு லோண்டறி அறையில் கூடும். மெசினுக்குள் உடுப்புச் சுழல, வெளியில் ஊர்க்கதை சுழலும். ஒன்பதாம் மாடி வேரோனிக்கா வருவாள், ஆறாம் மாடி பாஹிமா வருவாள், இன்னும் நாலைந்து பேர் கூடையோடு வந்து குந்துவார்கள். குணவதி தலைப்பை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் ஓமோம் போடுவார்கள்.

அந்த வருசம் தைமாதத்தில் அவள் எடுத்த தலைப்பு வீடியோ கேம்.

காரணம் மகள் தனுஷிகா. எட்டாம் வகுப்பு. மிசிசாகாவில் இருக்கும் மாமன் வினோதன், ஏர்போட்டில் சூட்கேஸ் தூக்கிக் களைத்த மனுசன், மருமகளின் பிறந்தநாளுக்கு ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்து ரீவியில் கொழுவிவிட்டுப் போய்விட்டான். அதற்குள் ஒரு வாத்து. சிவப்புச் சப்பாத்துப் போட்ட வாத்து. அது எட்டு நாடு தாண்டித் தன்னுடைய குளத்துக்குப் போய்ச் சேரவேண்டும். நாட்டுக்கு நாடு பள்ளம், முள்ளு, நெருப்பு, உடையிற பாலம். அன்று தொடக்கம் தனுஷிகாவுக்குச் சோறும் இல்லை, தண்ணியும் இல்லை. கணக்கில் புள்ளி குறைந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம் கூடியது.

"தனு, சாப்பிட வா பிள்ளை."

"வாறன் அம்மா. இந்த ஒண்டு மட்டும்."

"இடியப்பம் ஆறுது."

"ஒன் மினிற், அம்மா! இந்தப் பாலம் ஒண்டு மட்டும்!"

இப்படிப் பத்து முறை கூப்பிட்டும் பிள்ளை அசையாத ஒரு பின்னேரம், குணவதி எழும்பி வந்து சுவரில் இருந்த வயரைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். வாத்து மறைந்தது. தனுஷிகா வாயைப் பிளந்து குழறத் தொடங்கினாள்.

"அம்மா! வட் ஆர் யூ டூயிங்! அஞ்சாம் நாடு அம்மா! ஓஃப் பண்ணினா எல்லாம் போச்சு, திரும்ப முதலாம் நாட்டில இருந்து தொடங்கோணும்!"

"அஞ்சாம் நாட்டுக்குப் போய் என்ன, அங்க அகதிக் கேஸ் குடுக்கப் போறியோ? கொப்பரும் நானும் ஒரு நாட்டுக்கு வந்து சேரவே சீவன் போச்சு."

தகப்பன் தில்லையம்பலம் சோபாவில் இருந்து, "விடுமன் இஞ்சேரும், பிள்ளைதானே" என்று ஒரு சொல் சொன்னார். பிளாஸ்ரிக் பக்ரறியில் வாளி அச்சடிக்கும் மனுசன். நாள் முழுக்க மெசின் சத்தத்துக்குள் நின்று நின்று பேச்சைக் குறைத்துக்கொண்டவர். குணவதி ஒரு பார்வை பார்த்ததும் அந்த ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கிக்கொண்டார். கேம் பெட்டி துணியில் சுற்றப்பட்டு அரிசி வாளிக்குள் போனது.

அடுத்த ஞாயிறு லோண்டறி அறையில் முழக்கம்.

"கண் பூத்துப்போகும். புத்தி பேதலிக்கும். கை வழங்காமப் போகும். உந்தப் பெட்டி இருக்கிற வீட்டில மூதேவிதான் இருப்பாள். நான் பறிச்சு ஒளிச்சுப்போட்டன். திரும்பவும் உது என்ர வீட்டு ரீவியில ஏறினால் என்ர பேர் குணவதி இல்லை!"

"உண்மைதான் குணக்கா" என்றாள் வேரோனிக்கா. "என்ர சீமோனும் அப்பிடித்தான். பூசைக்கு வா எண்டால் வாத்தோட நிக்கிறான்." அன்றே அவள் மகனிடமிருந்து பறித்தாள். பாஹிமா நிஸ்தாரிடமிருந்து பறித்தாள். ஒரு கிழமைக்குள் அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கையிலும் கேம் இல்லை. எலிவேற்றரில் குணவதி ஏறினால் பிள்ளைகள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அவள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட குணவதிக்குத்தான் இது நடந்தது.

சத்தியமாக அவள் விளையாட நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறு பேசுவதற்குப் புதிதாக ஏதும் வேண்டுமே, உதுக்குள் அப்படி என்னதான் கிடக்குதென்று ஒருக்கால் பார்ப்பம் என்றுதான் அரிசி வாளியைத் திறந்தாள். இடியப்பம் கடைக்குப் போய்விட்டது. மகள் பள்ளிக்கூடம், மனுசன் வேலை. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் வயர் மஞ்சள் ஓட்டைக்குள், வெள்ளை வயர் வெள்ளை ஓட்டைக்குள். அரிசியைத் தட்டிவிட்டு அழுத்தினாள். வாத்து வந்து நின்று செட்டையை அடித்தது.

நாலு அடி நடந்து பள்ளத்துக்குள் விழுந்தது.

விழுந்தால் அந்த வாத்துக்கு ஒரு பழக்கம். வெளியே வந்து, தலையை உதறி, விளையாடுகிறவரை நேரே ஒரு பார்வை பார்க்கும். குணவதிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "ஐயோ பாவம்" என்றாள் வாய்விட்டு. "என்னாலயடா விழுந்தனி? பொறு, இந்தமுறை வடிவாக் கொண்டுபோய் விடுறன்." திரும்பவும் விழுந்தது. திரும்பவும் பார்த்தது. வாயில்லாச் சீவனை நடுவழியில் விட்டுவிட்டுப் போக அவளால் முடியவில்லை. இதைக் குளத்தில் சேர்த்துவிட்டு நிப்பாட்டுவம் என்று நினைத்தாள். வீதிக் கதவின் மணி அடித்தபோதுதான் தலை நிமிர்ந்தாள். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து கீழே நிற்கிறாள். உலையில் சோறு வைக்கவில்லை, காலையில் போட்ட தேத்தண்ணி அப்படியே ஆடை படிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு சொல்லவேண்டியது என்ன? மாசி முழுக்க அந்த வீட்டில் பாணும் சம்பலும். குணவதியின் கத்தரிக்காய்ப் பால்கறிக்காகவே சீவிக்கிற தில்லையம்பலம் ஒன்றும் கேட்காமல் பாணைத் தின்றார். ரெலிபோன் அடித்தால் எடுக்க ஆளில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தன்று மீன் பொரித்து மேசையில் வைத்துவிட்டு, வைத்ததே தெரியாமல் நின்றாள். கண்ணை மூடினால் பாலம். இடியப்பத்துக்கு மாக் குழைத்தால் இந்தக் குமிழ் மேல் கால் வைத்தால் உடையுமா என்று யோசனை.

தில்லையம்பலம் பயந்துபோனார். கூட வேலை செய்யும் அகஸ்ரினிடம் ஆலோசனை கேட்டார். "வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தால் மனம் விட்டுப்போகும் அண்ணை. எங்கயும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான் அவன். அவனுடைய வான் வண்டியில் எல்லாரும் நயாகரா போனார்கள். கரையெல்லாம் உறைந்துகிடக்க, நடுவில் தண்ணீர் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. குணவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவா இருக்கு என்ன?" என்றார் தில்லையம்பலம் ஆசையாக.

"ம்... உதைத் தாண்டுறதெண்டால் அங்கயிருந்து ஓடிவந்து பாயோணும்" என்றாள் குணவதி.

மனுசன் அவளுடைய கோட்டின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை.

வெளியில் தெரிந்தால் என்ன நடக்கும் என்பது குணவதிக்கு நன்றாகத் தெரியும். லோண்டறி அறைச் சபை போகட்டும், அது சிரித்துவிட்டு விடும். மகள் இருக்கிறாளே! பெட்டியைப் பறித்த நாளிலிருந்து பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தக் குட்டு உடைந்தால் இனி "படி பிள்ளை" என்று சொல்லவும் இவளுக்கு வாய் இருக்குமா? நாளைக்கு நிப்பாட்டவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நேர்ந்துகொண்டாள். ஆனால் வாத்து ஆறாம் நாட்டுக்கு வந்திருந்தது. ஓஃப் பண்ணினால் எல்லாம் போய்விடும். ஆகவே ரீவியை மட்டும் நிப்பாட்டி, பெட்டியை உயிரோடு விட்டு, மேலே பின்னல் துணியால் மூடி, அதற்கு மேல் பிளாஸ்ரிக் பூச்சாடியை வைத்தாள். தமிழ் வீட்டு ரீவிக்குத் துணி போட்டிருந்தால் ஆர் கேட்கப்போகிறார்கள்?

பங்குனியில் வலது பெருவிரல் மடங்கியபடி நின்றுவிட்டது. பாய்கிற பொத்தானை அழுத்துகிற விரல். உரலைப் பிடித்தால் உயிர் போனது. பிழிந்த இடியப்பம் தட்டில் பாதி வட்டமாக நின்றது.

செய்தி மாடிக்கு மாடி ஏறியது. வருத்தம் பார்க்கச் சனம் வந்தது. முந்திரிகைப்பழம், அப்பிள், மால்ற் மாப் போத்தல் என்று மேசை நிரம்பியது. வந்தவர்கள் எல்லாரும் விரலைப் பார்த்துவிட்டுத் தில்லையம்பலத்தைத் திட்டினார்கள்.

"உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ அண்ணை?" என்றாள் வேரோனிக்கா. "இந்தப் பொம்பிளை இடியப்பம் பிழிஞ்சு பிழிஞ்சு விரல் முறிஞ்சு போச்சு. நீங்கள் குந்தியிருந்து பேப்பர் வாசிக்கிறியள்."

"நான்... பக்ரறிக்குப் போறனான்தானே" என்றார் அவர்.

"பக்ரறியில மெசின் வேலை செய்யுது. இஞ்ச ஆர் செய்யிறது?"

மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்தநாள் விடிய அவரே எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, உரலைப் பிடித்தார். பக்ரறி உடம்பு, பலம் இருந்தது. பக்குவம் இல்லை. இடியப்பம் தட்டைத் தாண்டி மேசைக்கும் போனது. வேர்வை வழியத் திரும்பி, "இஞ்சேரும், இவ்வளவு காலமும் எனக்கு ஒரு சொல் சொன்னீரே? இப்பிடிக் கஷ்டம் எண்டு நான் நினைக்கேல்லையப்பா" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. குணவதிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தனுஷிகா அறையைவிட்டு வந்து, தாயின் கையைப் பிடித்துப் பார்த்து, "சொறி அம்மா" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் சொல். குணவதி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் இடது கையால் விளையாடினாள். அதை என்னவென்று சொல்ல!

வேரோனிக்கா வைத்தியம் முடிவுசெய்தாள். எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் கேட்கவில்லை என்றால் அது நாவூறுதான், ஆரோ கண்பட்டதுதான். "உங்கட இடியப்பத்தைப் பாத்து எத்தினை சனம் வயிறெரியுது குணக்கா! வெள்ளிக்கிழமை பின்னேரம் மிளகாய் சுடுவம். அந்தோனியாரையும் மன்றாடுறன், ரெண்டும் இருக்கட்டும்." முச்சந்தி மண்ணுக்குக் கென்னடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கிற இடத்துக்குப் போனாள். அது நாற்சந்தி. கூடினால் நல்லதுதானே? பனிக்குக் கொட்டிய உப்போடு மண் கட்டியாகக் கிடந்தது. "உப்புத் தனிய எடுக்கத் தேவையில்லை. சிற்றியே கலந்து வைச்சிருக்கு" என்று சந்தோசமாக ஒரு பிடி அள்ளி வந்தாள்.

வெள்ளி பின்னேரம், மகள் வர முன்னம், குணவதி எட்டாம் நாட்டில் நின்றாள். கடைசிப் பாலம். அதற்கு அங்காலே நீலமாகக் குளம் தெரிந்தது. வாத்து பாலத்தில் முதல் காலை வைக்கிற நேரம் கதவு தட்டப்பட்டது. ரீவியை நிப்பாட்டி, துணியை மூடி, பூச்சாடியை வைத்துக் கதவைத் திறந்தால், வேரோனிக்கா செத்தல் மிளகாயோடும் பாஹிமா கஞ்சிக் கோப்பையோடும் நிற்கிறார்கள்.

குணவதியைக் கிழக்குப் பார்க்க இருத்தி, தலையைச் சுற்றி, துப்பச் சொல்லி, வேரோனிக்கா எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சட்டியில் கொட்டி அடுப்பைக் கூட்டிவிட்டாள். நாவூறு இருந்தால் மிளகாய் எவ்வளவு எரிந்தாலும் கமறாது. இல்லாவிட்டால்தான் கமறும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

கமறியது. அப்படியொரு கமறல்! பாஹிமா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு ஓடினாள். குணவதி தும்மினாள், இருமினாள், கண்ணால் தாரை தாரையாகக் கொட்டியது.

"குணக்கா!" வேரோனிக்கா புகைக்குள் நின்று இருமியபடி கத்தினாள். "நாவூறு இல்லை! அப்ப உங்கட விரலுக்கு என்னதான் நடந்தது?"

குணவதி பதில் சொல்லத் தேவை வரவில்லை. கூரையில் இருந்த வட்டப்பெட்டி அலறியது. யன்னல் குளிருக்கு இறுகிக் கிடந்து திறக்காததால் வேரோனிக்கா வாசல் கதவைத் திறந்துவிட, புகை நடைபாதைக்குப் போனது. கட்டடம் முழுக்க மணி பிடித்துக்கொண்டது. படிகளில் சனம் இறங்கியது. சாரத்தோடு இறங்கியவர், தலையில் ஷாம்பு நுரையோடு இறங்கியவர், தாலிக்கொடிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கியவர் எல்லாரும் கார் நிறுத்துமிடத்துப் பனியில் நின்று நடுங்கினார்கள். மூன்று தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்த தனுஷிகா தாயைத் தேடி ஓடிவந்தாள். வேலை முடிந்து வந்த தில்லையம்பலம் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடிவந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய தீயணைப்புக்காரர் இறங்கி வந்தார். கண் சிவந்து, மூக்கு வடிந்துகொண்டிருந்தது. என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாராம். தனுஷிகா எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுத் தாயிடம் திரும்பினாள்.

"ஒண்டும் எரியேல்லையாம் அம்மா. எவ்ரிதிங் இஸ் ஓகே. சேஃப்ரிக்கு எங்கட வீட்டுக் கரண்டை மட்டும் நிப்பாட்டினவராம்."

"அடுப்புக் கரண்டையோ?"

"இல்லை, முழு வீடும்."

"முழுக்கவோ?"

"ஓம் அம்மா."

குணவதி அப்படியே பனிக்குவியலில் குந்திவிட்டாள். "ஐயோ! என்ர வாத்து!" என்று வந்த குரல் மேல்மாடிவரை கேட்டிருக்கும். "கடைசிப் பாலத்தில நிண்டுதே! குளம் தெரிஞ்சுதே!"

தில்லையம்பலம் பதறி அவளைத் தூக்கினார். "என்ன வாத்து இஞ்சேரும்? பிரிட்ஜுக்குள்ள கோழிதானே கிடந்தது?"

கூட்டத்தில் தனுஷிகாவுக்கு மட்டும் விளங்கியது. பிள்ளையின் முகம் வெளிறி, சிவந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"அம்மா... எத்தினையாம் நாடு?"

இனி ஒளிக்க என்ன கிடக்கிறது? "எட்டு" என்றாள் குணவதி, தலையைக் குனிந்தபடி.

"எட்டா? நோ வே! நீங்கள் ஐஸ் பாலம் தாண்டினீங்களா?"

வேரோனிக்கா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப அந்தப் பெருவிரல்?" என்றாள். லோண்டறிச் சபை முழுவதும் குணவதியைச் சுற்றி நின்று அவளையும் விரலையும் பார்த்தது. தில்லையம்பலம் தன்னுடைய இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். உரல் பிடித்த இடம் கொப்பளித்துக் கிடந்தது. குணவதிக்கு அழுகை வந்தது. இந்தமுறை மிளகாயால் இல்லை.

அப்போது பின்னால் இருந்து பாஹிமாவின் மெல்லிய குரல் வந்தது.

"அக்கா... அந்த ஐஸ் பாலத்த எப்படித் தாண்டின? நான் மூணு கெழமயா அதுல விழுந்துதான் சாகுறேன்."

"ஓடினால் வழுக்குமடி, மெல்ல நடக்கோணும்" என்ற வேரோனிக்கா, சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

சபையில் முதல் சிரித்தது ஆரென்று தெரியாது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தீயணைப்புக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. சீமோனும் நிஸ்தாரும் தங்கள் தாய்மாரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கரண்ட் வந்து, வீட்டுக்குள் போய், கமறல் அடங்கிய பிறகு குணவதி மகளின் முன்னால் நின்றாள்.

"நான் செய்தது பிழை பிள்ளை. உன்னட்டப் பறிச்சுப்போட்டு நான் விளையாடினன். கொப்பரையும் ஏமாத்திப்போட்டன். இந்தா, வைச்சு விளையாடு. இனி நான் வாய் திறக்கமாட்டன்."

தனுஷிகா பெட்டியைப் பார்த்தாள். தாயின் மடங்கிய விரலைப் பார்த்தாள். "ஹோம்வேர்க்குக்குப் பிறகு. ஒரு மணித்தியாலம்தான்" என்றாள். "மற்ற நேரம் பொத்தான் பெட்டியை மட்டும் அப்பா எடுத்து ஒளிச்சு வைக்கட்டும். உங்களை நம்பேலாது." தாய்க்காரி அதைக் கழற்றி மனுசனின் கையில் கொடுத்தாள்.

தில்லையம்பலம் அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. வழமையிலும் கதைக்காத மனுசன் என்பதால் குணவதிக்கு அது கோபமென்று தெரியவே ஒரு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் உரலைப் பிடித்துக்கொண்டே, "மாவுக்கு இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி விடும்" என்றார். அவ்வளவுதான், தீர்ந்தது. விரல் நிமிரும்வரை பிழிவது தான்தான் என்றும் சொல்லிவிட்டார். இப்போது அவருடைய இடியப்பம் தட்டுக்குள் நின்றது.

சித்திரை பிறந்து பனி கரைந்த ஒரு பின்னேரம், தனுஷிகா பெட்டியை ஓஃப் பண்ணாமலே நாளுக்கு ஒரு மணித்தியாலமாக விளையாடி வாத்தை எட்டாம் நாட்டுக்குக் கொண்டுவந்தாள். தாய் பக்கத்தில் இருந்து, "பொறு, பொறு, அவசரப்படாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிப் பாலம் வந்தது. பிள்ளை விழுந்தாள். திரும்ப விழுந்தாள். வாத்துக்கு மூன்று உயிர்தான், இன்னும் ஒருமுறை விழுந்தால் முதலாம் நாடு.

"எனக்கு ஏலாது. நீங்கள் செய்யுங்கோ அம்மா."

"எனக்கு வலக்கை வழங்காதே பிள்ளை."

தனுஷிகா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தாயோடு ஒட்டி இருந்து, பொத்தான் பெட்டியின் இடப்பக்கத்தைத் தாயின் இடக்கையில் வைத்தாள். வலப்பக்கத்தைத் தான் பிடித்தாள். நடக்கிறது தாயின் விரல், பாய்கிறது மகளின் விரல். வாத்து மெல்ல மெல்லப் பாலத்தில் ஏறியது. பலகைகள் பின்னால் ஒவ்வொன்றாக விழுந்தன. குளம் கிட்டக் கிட்ட வந்தது.

குசினியில் இருந்து தில்லையம்பலம் ஆவி பறக்கும் தட்டோடு எட்டிப் பார்த்தார். "இஞ்சேரும், தனு, ரெண்டு பேரும் வாங்கோ. இடியப்பம் ஆறுது."

தாயும் மகளும் கண்ணை எடுக்காமல் ஒரே குரலில் சொன்னார்கள்:

"வாறம், வாறம். இந்த ஒண்டு மட்டும்!"